வெப்பம் திறக்கும் பூட்டு: புற்றுக்கட்டியிடம் மருந்தைக் கொண்டுசேர்க்கும் முயற்சி

புற்றுநோயை அரபு மருத்துவ நூல்கள் 'ஸரதான்' என அழைக்கின்றன. நண்டு என்பது அச்சொல்லின் பொருள். கிரேக்கர் வழங்கிய 'கார்க்கினோஸ்' என்னும் பெயரும் நண்டையே குறிக்கும். கட்டியைச் சுற்றிப் புடைத்து நிற்கும் இரத்த நாளங்கள் நண்டின் கால்களை ஒத்திருந்தமையால் இப்பெயர் வந்தது என்பர். தமிழில் 'புற்று' என்னும் சொல் கரையான் புற்றையும் இந்நோயையும் ஒருங்கே குறிக்கிறது. நண்டு என்றாலும் புற்று என்றாலும், உடலில் ஓரிடத்தைப் பற்றிக்கொண்டு அங்கிருந்து பரவும் ஒன்றையே முன்னோர் கண்டனர். நோய்க்கு ஓர் இடம் உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் மருந்துக்கு அந்த இடம் தெரியாது. நாளத்தின் வழியே ஏற்றப்படும் புற்றுநோய் மருந்து இரத்தத்தில் கலந்து தலை முதல் கால் வரை எங்கும் செல்கிறது. கட்டியைச் சேர்வது அதில் ஒரு சிறு பங்கே. எஞ்சியது முடியின் வேர்களையும், வாயின் மென்தோலையும், எலும்பு மச்சையையும், சில வேளைகளில் இதயத்தையும் தாக்குகிறது. சிகிச்சை பெறும் உறவினர் ஒருவரை அருகிருந்து கவனித்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நோயினும் மருந்து கொடிது என்று மனம் சலித்து, சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடுவோரும் நம் ஊர்களில் உண்டு.

மருந்தை ஒரு நுண்ணிய உறைக்குள் அடைத்து இரத்தத்தில் அனுப்பி, கட்டி இருக்கும் இடத்தை மட்டும் சற்றே சூடாக்கி, அந்தச் சூட்டில் உறை திறந்து மருந்து அங்கேயே வெளிப்படுமாறு செய்ய இயலுமா? கடந்த ஏறத்தாழ அரை நூற்றாண்டாக அறிவியலாளர் ஆராய்ந்துவரும் கேள்வி இது. அது எவ்வாறு எழுந்தது, எதுவரை வந்துள்ளது, எங்கே தடைபட்டது, திண்டுக்கல் போன்ற ஊரில் வாழும் நாம் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சூடும் சிகிச்சையும்

நோயை வெப்பத்தால் தாக்கும் எண்ணம் பழமையானது. அரபு மருத்துவத்தில் சூடிடுதல் 'கைய்' எனப்படும். அந்தலூசியாவின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ தமது 'அத்தஸ்ரீஃப்' என்னும் பெருநூலின் இறுதிப் பகுதியை அறுவை மருத்துவத்துக்கு ஒதுக்கினார். அதன் முதற்பிரிவு முழுவதும் சூடிடுதல் பற்றியதே. தொடக்க நிலையில் உள்ள புற்றைச் சுற்றி வளையமாகச் சூடிட்டு, அது மேலும் படராமல் தடுக்கும் முறையையும் அவர் கூறுகிறார். நடுவை விடச் சுற்றுவட்டமே கவனத்துக்குரியது என்ற இந்தப் பார்வை இன்றைய மருத்துவத்திலும் திரும்ப வருவதைப் பின்னர்க் காண்போம். முற்றிப் பெருத்த புற்றை நெருங்க வேண்டாம் என்றும், அத்தகையதைத் தாம் குணப்படுத்தியதும் இல்லை, பிறர் குணப்படுத்தக் கண்டதும் இல்லை என்றும் அவர் ஒளிவின்றிப் பதிவு செய்துள்ளார். தம் கலையின் எல்லையை வெளிப்படையாகச் சொன்ன அந்த நேர்மையே அவருடைய நூலுக்குப் பல நூற்றாண்டு மதிப்பைத் தந்தது எனலாம்.

பிற்காலத்தில் வேறொரு கோணத்திலும் வெப்பம் கவனம் பெற்றது. 1866 ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் புஷ் என்பார், முகத்தில் புற்றுக்கட்டி இருந்த ஒருவருக்குத் தோல் தொற்றால் கடுங்காய்ச்சல் கண்டபின் கட்டி மறைந்ததைப் பதிவு செய்தார். காய்ச்சலுக்கும் கட்டியின் அழிவுக்கும் தொடர்பு உண்டோ என்ற ஐயம் அதிலிருந்து வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் நடந்த ஆய்வுகள், 42, 43 பாகை செல்சியஸ் அளவு வெப்பத்தில் போதிய நேரம் வைக்கப்பட்ட உயிரணுக்கள் மடிகின்றன என்பதையும், அதற்குச் சற்றுக் குறைந்த வெப்பமே கதிர்வீச்சும் மருந்தும் வலுவாக வேலை செய்ய உதவுகிறது என்பதையும் தெளிவாக்கின.

கொழுப்பால் ஆன பொதி

அடுத்து உறையின் கதைக்கு வருவோம். 1960-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகேயுள்ள பாப்ரகாம் ஆய்வகத்தில் அலெக் பாங்கம் என்பார் லெசித்தின் போன்ற கொழுப்புப் பொருள்களை நீரில் கலந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அக்கொழுப்பு மூலக்கூறுகளுக்கு நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் இரு வால்களும் உண்டு. நீரில் இட்டதும் அவை வால்களை உள்ளே மறைத்துத் தலைகளை வெளியே காட்டி, இரண்டு அடுக்குச் சுவராக அணிவகுத்து, நுண்ணிய கோளங்களாக மூடிக்கொள்கின்றன. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் போர்த்தியிருக்கும் சவ்வும் இதே அமைப்புடையது. இக்கோளங்களுக்கு லிப்போசோம் என்று பெயர் வந்தது. உள்ளே நீரும், அதில் கரைந்த மருந்தும் தங்குவதற்கு இடம் இருந்தமையால், இதனை மருந்துப் பொதியாகப் பயன்படுத்தலாம் என்ற கருத்து 1970-களின் தொடக்கத்தில் உருவாயிற்று.

இப்பொதிக்குள் அடைக்கப்பட்ட மருந்துகளில் முதன்மையானது டாக்சோரூபிசின். மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிரிலிருந்து இத்தாலியில் கண்டெடுக்கப்பட்ட இச்செந்நிற மருந்து பலவகைப் புற்றுகளுக்கு எதிராக வல்லமை வாய்ந்தது. ஆனால் அது இதயத் தசையைக் கெடுக்கக் கூடியது. ஆதலின் ஒருவர் தம் வாழ்நாளில் பெறத்தக்க மொத்த அளவுக்கே மருத்துவர்கள் வரம்பு வைத்துள்ளனர். 1995 ஆம் ஆண்டு லிப்போசோமில் அடைக்கப்பட்ட டாக்சோரூபிசின் 'டாக்சில்' என்னும் பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதயத்துக்கு நேரும் கேடு இதனால் வெகுவாகக் குறைந்தது. 2012 இல் அந்நாட்டில் அம்மருந்துக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, இந்தியாவின் சன் ஃபார்மா நிறுவனம் தயாரித்த 'லிப்போடாக்ஸ்' என்னும் நிகர்மருந்தை இறக்குமதி செய்துகொள்ள அமெரிக்க அரசு தற்காலிகமாக அனுமதித்தது என்பது இங்கு நினைவுகூரத் தக்கது. 2021 இல் கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது நம் மக்கள் ஊர் ஊராகத் தேடி அலைந்த ஆம்போடெரிசின் மருந்தும் இத்தகைய லிப்போசோம் வடிவில் வந்ததேயாகும். ஆகவே இப்பொதி நமக்குப் புதியதன்று.

எனினும் ஒரு குறை எஞ்சியது. பொதி உறுதியாக இருந்தால் மருந்து வழியில் சிந்தாது. ஆனால் அதே உறுதியால், கட்டியை அடைந்த பின்னும் அது எளிதில் வெளிவராது. தளர்வாக இருந்தால் கட்டியைச் சேருமுன்னரே சிந்திவிடும். வழியெல்லாம் மூடியிருந்து, சேர வேண்டிய இடத்தில் மட்டும் திறக்கும் பொதியை எவ்வாறு செய்வது?

உருகும் நிலையில் திறக்கும் கதவு

இதற்கான விடை நம் அடுக்களையிலேயே இருக்கிறது. சிறுமலைக் குளிர்காற்று வீசும் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் புட்டியில் உறைந்து வெண்மையாக நிற்கும். வெயில் ஏறியதும் அது உருகித் தெளிந்துவிடும். ஏறத்தாழ 24 பாகையில் இம்மாற்றம் நிகழ்கிறது. நெய்க்கு வேறோர் அளவு, மெழுகுக்கு வேறோர் அளவு. ஒவ்வொரு கொழுப்புக்கும் தான் இறுக்கம் விட்டு நெகிழ்கின்ற வெப்பநிலை ஒன்று உண்டு. லிப்போசோமின் சுவரும் கொழுப்பே. ஆதலின் அதற்கும் அத்தகைய நிலை உண்டு. பால்மிட்டிக் அமில வால்களைக் கொண்ட ஒருவகை லெசித்தின் 41 பாகை அளவில் நெகிழ்கிறது. மனித உடலின் இயல்பான வெப்பம் 37 பாகை. காய்ச்சலற்ற உடலில் மூடியிருந்து, நான்கு பாகை கூடியதும் திறக்கக்கூடிய சுவர் இவ்வாறு இயற்கையிலேயே அமைந்திருந்தது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மில்டன் யாட்வினும் அவருடைய துணைவர்களும் 1978 ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் இக்கருத்தை முதன்முதலாக முன்வைத்தனர். நியோமைசின் என்னும் கிருமிக்கொல்லியை அத்தகைய உறையில் அடைத்து, உடல் வெப்பத்தைவிடச் சில பாகை கூடிய சூட்டில் அது வெளிப்படுவதை அவர்கள் மெய்ப்பித்தனர்.

அவர்கள் செய்த உறை மெதுவாகவே திறந்தது. கட்டியினூடே இரத்தம் கடந்து செல்லும் நேரமோ மிகக் குறைவு. அதற்குள் மருந்து வெளிவந்தாக வேண்டும். டியூக் பல்கலைக்கழகத்தின் டேவிட் நீதமும் மார்க் டியூஹர்ஸ்டும் 1990-களின் இறுதியில் இதற்கு வழி கண்டனர். சுவர் நெகிழும் வேளையில் ஒருபுறம் உருகிய பகுதியும் மறுபுறம் இன்னும் இறுகிய பகுதியுமாக இருக்கும். இவ்விரண்டும் சந்திக்கும் விளிம்புகளில்தான் கசிவு நிகழ்கிறது. இரண்டு வால்களுக்குப் பதிலாக ஒரே வால் கொண்ட கொழுப்பைச் சிறிதளவு சேர்த்தால், அது அவ்விளிம்புகளில் குடியேறித் துளைகளைத் திறந்தபடி நிறுத்துகிறது. இவ்வாறு செய்த உறை, 40 பாகையைக் கடந்தவுடன் சில வினாடிகளிலேயே தன் மருந்தைக் கொட்டியது. 'தெர்மோடாக்ஸ்' என்ற பெயரில் செல்சியான் என்னும் நிறுவனம் இதனை மருந்தாக்க முனைந்தது.

இங்கே வாசகர் ஒருவர் கேட்கக்கூடும்: சித்திரை வெயிலில் திண்டுக்கல் சமவெளி 40 பாகையைத் தொடுகிறதே, அப்போது உறை தானாகத் திறந்துகொள்ளாதா? வெளிக்காற்று எவ்வளவு சுட்டாலும் வியர்வையாலும் இரத்த ஓட்டத்தாலும் உடல் தன் உள்வெப்பத்தை 37 பாகை அளவிலேயே காத்துக்கொள்கிறது. எனவே வெயிலால் அஞ்ச வேண்டியதில்லை. கடுங்காய்ச்சலே கவலைக்குரியது. மருந்தை ஊசிக்கு முன் வைத்திருக்கும் காலத்தில்தான் வெயில் பகையாகும். லிப்போசோம் மருந்துகள் பெரும்பாலும் 2 முதல் 8 பாகைக்குள் குளிர்ப்பெட்டியில் காக்கப்பட வேண்டியவை.

பூட்டின் நுட்பம்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் ஊரார் கையால் செய்யும் அப்பூட்டின் உள்ளே 'லீவர்' எனப்படும் தகடுகள் அடுக்காக அமைந்திருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்கு மட்டும் தூக்க வேண்டும். குறைவாகத் தூக்கினாலும் திறக்காது, கூடுதலாகத் தூக்கினாலும் திறக்காது. எல்லாத் தகடுகளும் ஒரே நேரத்தில் தத்தம் உயரத்தில் நின்றால்தான் தாழ் விலகும்.

வெப்பத்தால் திறக்கும் உறையும் இவ்வாறே. முதல் தகடு வெப்பநிலை. 39 பாகைக்குக் கீழே உறை திறவாது. 40 முதல் 42 பாகை வரை கட்டியின் இரத்த ஓட்டம் பெருகுகிறது, நாளங்களின் சுவர் நெகிழ்ந்து மருந்துக்கு வழிவிடுகிறது. 43 பாகைக்கு மேல் நீண்ட நேரம் சுட்டால் நுண்நாளங்கள் சிதைந்து இரத்த ஓட்டமே நின்றுபோகலாம். இரத்தம் வராத இடத்துக்கு மருந்தும் வராது. இரண்டாம் தகடு நேரம். இரத்தத்தில் உறைகள் போதிய அளவில் சுற்றிக்கொண்டிருக்கும் வேளையிலேயே சூடு கொடுக்கப்பட வேண்டும், அது போதிய நேரம் நீடிக்கவும் வேண்டும். மூன்றாம் தகடு இடம். கட்டி முழுவதும் ஒரே சீராகச் சூடாக வேண்டும். ஆனால் அருகே பெரிய இரத்த நாளம் ஓடினால், வாய்க்கால் நீர் கரையின் சூட்டைக் கொண்டுபோவதுபோல் அது வெப்பத்தைக் கொண்டுசென்றுவிடும். அவ்விடத்தில் உறை மூடியே இருக்கும். அங்குள்ள புற்றணுக்கள் தப்பிப் பிழைக்கும்.

ஆய்வகத்துச் சோதனைக்குழாயில் இம்மூன்று தகடுகளும் எளிதில் ஒத்துழைக்கின்றன. மூச்சுவிடும் மனித உடலுக்குள் அவற்றை ஒருங்கே நிறுத்துவதுதான் கடினம். பின்வரும் வரலாறு இதனைத் தெளிவாக்கும்.

இரு பெரும் சோதனைகள்

கல்லீரலில் தோன்றும் புற்றைச் சுட்டு அழிக்க ஒரு முறை உண்டு. தோலின் வழியே ஊசி போன்ற மின்முனையைக் கட்டிக்குள் செலுத்தி, வானொலி அலைவரிசை மின்னோட்டத்தால் அதனைச் சூடாக்குவர். நடுப்பகுதி கொதிநிலையை நெருங்கி வெந்துபோகும். சுற்றுவட்டத்திலோ சூடு படிப்படியாகக் குறையும். அங்கே சில அணுக்கள் எஞ்சி மீண்டும் வளர்வதே இம்முறையின் குறை. ஸஹ்ராவீ வளையமாகச் சூடிட்டுக் காக்க முயன்ற அதே சுற்றுவட்டம்தான் இது. அப்பகுதியில் நிலவும் மிதமான வெப்பமோ தெர்மோடாக்ஸ் உறை திறப்பதற்கு ஏற்றது. ஆகவே நடுவை நெருப்பும் விளிம்பை மருந்தும் அழிக்கட்டும் என்று திட்டமிட்டனர். கருத்தளவில் இதைவிடப் பொருத்தமான இணைப்பு வேறு இல்லை என்றே தோன்றியது.

கருத்து அழகாக இருப்பது போதாது, அது உண்மையாகவும் இருக்க வேண்டும். மருத்துவத்தில் அதை அறிய ஒப்பிட்டுப் பார்த்தலே வழி. ஹிஜ்ரி 313 (கி.பி. 925) இல் மறைந்த அபூபக்ர் அர்ராஸீ இதனை உணர்ந்திருந்தார். மூளைச் சவ்வு அழற்சிக்குரிய அறிகுறிகள் தோன்றிய நோயாளிகளுள் ஒரு சாராருக்குக் குருதி வடித்தும், மற்றொரு சாராரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாமல் விட்டும் விளைவை ஒப்பிட்டதாக 'அல்ஹாவீ'யில் உள்ள குறிப்பு கூறுகிறது. இன்றைய சோதனைகள் இதனை மேலும் இறுக்கமாக்கியுள்ளன. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தீர்மானிக்கின்றனர். யார் எதைப் பெற்றார் என்பதை மறைத்தும் வைக்கின்றனர்.

'ஹீட்' எனப் பெயரிடப்பட்ட முதற்பெரும் சோதனையில் 701 நோயாளிகள் பங்கேற்றனர். 3 முதல் 7 சென்டிமீட்டர் வரை அளவுள்ள கல்லீரல் கட்டிகளை உடைய அவர்கள் அனைவருக்கும் சூட்டுச் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஒரு சாராருக்குத் தெர்மோடாக்ஸும், மற்றொரு சாராருக்கு மருந்தில்லா நீர்மமும் ஏற்றப்பட்டன. 2013 ஜனவரி இறுதியில் முடிவு அறிவிக்கப்பட்டது. நோய் மீண்டும் தலைதூக்காமல் இருந்த காலத்தில் இரு சாராருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இத்தனை ஆண்டுகளின் உழைப்பும் எதிர்பார்ப்பும் அந்த ஓர் அறிவிப்பில் தளர்ந்தன.

பின்னர் ஆய்வாளர்கள் விவரங்களை மீண்டும் புரட்டினர். ஒரே ஒரு கட்டி இருந்து, 45 நிமிடமோ அதற்கு மேலோ சூடு பெற்ற 285 பேரைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, அவர்களுள் தெர்மோடாக்ஸ் பெற்றோர் கூடுதல் காலம் உயிர் வாழ்ந்ததாகத் தோன்றியது. நேரம் என்னும் தகடு போதிய அளவு உயர்த்தப்படாமையே தோல்விக்குக் காரணம் என்ற விளக்கம் இதிலிருந்து பிறந்தது. விளக்கம் பொருத்தமானதுதான். ஆயினும் முடிவு தெரிந்த பின்னர் எண்களைப் பிரித்து எடுக்கும் விளக்கம் சான்றாகாது. அது அடுத்த சோதனைக்குரிய கேள்வி மட்டுமே. இதனை அவர்களும் அறிந்திருந்தமையால் 'ஆப்டிமா' என்னும் இரண்டாம் சோதனையைத் தொடங்கினர். இதில் 556 பேர் பங்கேற்றனர், அனைவருக்கும் 45 நிமிடச் சூடு கட்டாயமாக்கப்பட்டது. 2020 ஜூலையில் சோதனையைக் கண்காணித்த தற்சார்புக் குழு, இதனைத் தொடர்வதால் பயன் கிட்டும் வாய்ப்பு இல்லை என்ற நிலையைச் சுட்டி, நிறுத்துவதைப் பரிசீலிக்குமாறு பரிந்துரைத்தது. செல்சியான் நிறுவனம் 2022 இல் இமுனான் எனப் பெயரை மாற்றிக்கொண்டு வேறு ஆய்வுகளுக்குத் திரும்பியது.

நம் மதரஸாக்களில் ஒரு செய்தி இனிமையானது என்பதற்காக அதனை ஏற்பதில்லை. அது எவ்வழி வந்தது, இடையில் அறுபட்டதா, சொன்னவர் நம்பத்தக்கவரா என்று ஆராய்ந்த பின்னரே ஏற்கிறோம். இரண்டாம் சோதனையும் இதே மனப்பான்மையின் வெளிப்பாடு எனலாம். தமக்கு உவப்பான விளக்கத்தை ஒரு குழுவினர் மீண்டும் சோதனைக்கு உட்படுத்தி, அது தவறியபோது அதையும் உலகறியச் செய்தனர். இத்தகைய தோல்விகள் மருத்துவ அறிவின் இழப்பல்ல. அவை பதிவாகாமல் போயிருந்தால் அதே வழியில் இன்னும் பல நூறு நோயாளிகள் அனுப்பப்பட்டிருப்பர்.

மருந்து சேர்ந்ததா?

இவ்விரு சோதனைகளிலும் ஒரு கேள்விக்கு நேரடி விடை காணப்படவில்லை. கட்டிக்குள் மருந்து உண்மையில் கூடுதலாகச் சேர்ந்ததா? இதனை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தனியே எடுத்து ஆராய்ந்தனர். 'டார்டாக்ஸ்' எனப்பட்ட அவ்வாய்வின் முடிவு 2018 இல் 'லான்செட் ஆங்காலஜி' இதழில் வெளிவந்தது. கல்லீரல் கட்டி உடைய பத்து நோயாளிகளுக்குத் தெர்மோடாக்ஸ் ஏற்றி, உடலைத் துளைக்காமல் வெளியிலிருந்தே குவியச் செய்த மீயொலி அலைகளால் ஒரு கட்டியை மிதமாகச் சூடாக்கினர். சூடாக்குமுன்னும் பின்னும் கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்து மருந்தின் அளவைக் கணித்தனர். சூட்டுக்குப் பின் அது சராசரியாக 3.7 மடங்கு கூடியிருந்தது.

இதன் பொருளை மிகைப்படுத்தலும் ஆகாது, குறைத்தலும் ஆகாது. மனித உடலுக்குள் பூட்டு திறக்கிறது என்பது இதனால் மெய்யாயிற்று. ஆனால் பத்துப் பேரிடம் மருந்து சேர்ந்தது என்பது, அதனால் நோய் தீர்ந்தது என்பதாகாது. மார்புப் புற்று அறுவைக்குப் பின் நெஞ்சுச் சுவரில் மீண்டும் தோன்றிய நிலையில், பல சிகிச்சைகளும் பயனளிக்காத 29 பேரிடம் நடந்த தொடக்க ஆய்வுகளில், ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சூடாக்கிய இடத்தில் கட்டி சுருங்கியது. தோலை ஒட்டிய கட்டிகளைச் சூடாக்குவதும் அளவிடுவதும் எளிது என்பதால் அத்துறையில் நம்பிக்கை எஞ்சி நிற்கிறது.

இத்துறையின் கடினத்தை உணர்த்த இன்னோர் எண்ணும் போதும். கடந்த பல ஆண்டுகளில் விலங்குகளிடம் நடந்த நுண்துகள் மருந்து ஆய்வுகளைத் தொகுத்து டொராண்டோ பல்கலைக்கழகக் குழு 2016 இல் வெளியிட்ட கட்டுரை, செலுத்திய துகள்களில் கட்டியைச் சேர்ந்த பங்கின் இடைநிலை அளவு நூற்றுக்கு 0.7 மட்டுமே எனக் கணக்கிட்டது. கல்லீரலும் மண்ணீரலும் இத்துகள்களை அயலாரெனக் கண்டு வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன. வெப்பத்தின் துணையைத் தேட வேண்டியிருப்பது இதனாலேயே.

நம் நாட்டு ஆய்வகங்களில்

இத்துறையில் இந்தியாவும் பங்காற்றியுள்ளது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பகதூர், ரிந்தி பானர்ஜி ஆகியோர் ஜெர்மனியின் மியூனிக் ஆய்வாளர்களோடு இணைந்து 2010 இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. வெப்பத்தில் திறக்கும் லிப்போசோமுக்குள் டாக்சோரூபிசினோடு இரும்பு ஆக்சைடு நுண்துகள்களையும் அவர்கள் அடைத்தனர். திசை மாறிமாறி வரும் காந்தப் புலத்தில் வைத்தால் அத்துகள்கள் தாமே சூடாகும். சூட்டை வெளியிலிருந்து கொண்டுவருவதற்கு மாறாக, பூட்டுக்குள்ளேயே சாவியை வைத்தனுப்பும் உத்தி எனலாம்.

கொச்சியிலுள்ள அமிர்தா நுண்ணறிவியல் மையத்தில் ஜெயக்குமார் குழுவினர் வேறு வழியில் சென்றனர். கொழுப்புக்கு மாற்றாக அவர்கள் எடுத்துக்கொண்டது கைட்டோசான். இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து கிடைக்கும் பொருள் அது. அதனோடு, குறிப்பிட்ட வெப்பத்துக்கு மேல் நீரை உதறிச் சுருங்கும் ஒரு செயற்கைப் பலபடிச் சேர்மத்தை இணைத்து நுண்துகள்களாக்கினர். சுருங்கும்போது உள்ளிருக்கும் மருந்து பிழியப்பட்டு வெளிவரும். 2011 இல் வெளியான அவர்களுடைய கட்டுரைகளில் ஒன்று ஃபுளூரோயுராசில் என்னும் புற்று மருந்தையும், மற்றொன்று நம் மஞ்சளிலுள்ள குர்குமினையும் இத்துகள்களில் ஏற்றியது பற்றியவை. நண்டின் பெயர் தாங்கிய நோய்க்கு நண்டின் ஓட்டிலிருந்தே பொதி செய்ய முற்பட்டது சுவையான பொருத்தம்தான். ஆனால் இவை ஆய்வகத்து உயிரணுக்களில் நடந்த தொடக்கப் பணிகள் என்பதை மறவாமல் படிக்க வேண்டும். மஞ்சள் புற்றைத் தீர்க்கும் என்று இவற்றைக் காட்டிக் கூறுவோர் ஆய்வாளர் கூறாததைக் கூறுகின்றனர்.

திண்டுக்கல்லில் வாழும் நமக்கு

வெப்பத்தில் திறக்கும் லிப்போசோம் எதுவும் வழக்கமான சிகிச்சைக்கு அனுமதி பெற்று மருந்துக்கடைக்கு வரவில்லை. அப்படியிருக்க இதனை நாம் ஏன் அறிய வேண்டும்?

முதலாவதாக, இச்சொற்கள் நம் தெருக்களுக்கு முன்னரே வந்துவிட்டன. 'நானோ', 'வெப்பச் சிகிச்சை', 'பக்கவிளைவு இல்லாத புற்றுமருந்து' என்னும் விளம்பரங்கள் துண்டறிக்கையிலும் கைப்பேசியிலும் உலவுகின்றன. உண்மையான ஓர் ஆய்வின் பெயரைச் சொல்லியே பொய்யான மருந்தை விற்க முடியும். வயலையும் நகையையும் விற்றுக் கொடுக்கும் குடும்பத்தினர் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். இது அனுமதி பெற்ற சிகிச்சையா, சோதனையா? சோதனையாயின், 2007 இல் தொடங்கப்பெற்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதன் பதிவெண் யாது? எந்த நெறிமுறைக் குழு இசைவளித்தது? இசைவுப் படிவம் நமக்குப் புரியும் தமிழில் உள்ளதா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி, வழக்கமான சிகிச்சைக்கு அப்பாற்பட்ட ஆய்வுச் செலவைப் பங்கேற்பவரிடம் பெறக் கூடாது. எனவே 'ஆய்வு மருந்து' என்று சொல்லி இலட்சங்கள் கேட்பவரிடம் ஐயம் கொள்வதே அறிவுடைமை. உண்மையான சோதனைகளைக் கண்டு அஞ்சி ஒதுங்கவும் வேண்டியதில்லை. முறையாக நடக்கும் சோதனையில் பங்கேற்ற 701 பேரும் 556 பேரும் இல்லையெனில், நாம் இன்று இத்துறையில் உண்மை எது என்பதை அறிந்திருக்க மாட்டோம்.

இரண்டாவதாக, வெளியே சூடு வைத்துக்கொண்டாலே புற்று கரையும் என்னும் தவறான எண்ணம் பரவக் கூடாது. ஒத்தடமோ நீராவியோ கட்டியின் உள்வெப்பத்தை அளந்து நிறுத்தும் கருவிகளுக்கு ஈடாகா. கதிர்வீச்சால் மெலிந்த தோலில் சூடு வைத்து மேலும் புண்ணாக்கிக்கொள்வதே அதனால் விளையும்.

மூன்றாவதாக, நாம் வாழும் மண்ணை எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. திண்டுக்கல் சமவெளி புகையிலைக்குப் பேர்பெற்றது. இங்கு விளைந்து உருட்டப்பட்ட சுருட்டு கடல் கடந்து சென்றது. சுருட்டுப் புகையிலைக்காகவே வேடசந்தூரில் 1948 இல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. வெற்றிலையோடு புகையிலை அடக்கும் வழக்கம் நம் வீடுகளில் முதியோரிடம், பெண்களிடமும்கூட, நெடுங்காலமாக உண்டு. வாய்ப்புற்றுக்கு அது முதன்மையான காரணம் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. வாய்ப்புற்றோ கண்ணாடியின் முன் வாயைத் திறந்தாலே கண்ணில் படக்கூடியது. மூன்று வாரம் கடந்தும் ஆறாத புண், கன்னத்தின் உட்புறம் வெண்மையாகவோ சிவப்பாகவோ படரும் திட்டு, வாய் திறப்பது குறைந்துவருதல் ஆகியவற்றைக் கண்டவுடன் மருத்துவரை அணுக வேண்டும். 2022 ஜனவரியில் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கி வைக்கப்பட்டதால் முதற்கட்ட ஆய்வுக்கு வெளியூர் செல்லும் தேவை குறைந்துள்ளது. மேற்சிகிச்சைக்கு மதுரையும், 1954 முதல் இயங்கிவரும் அடையாறு புற்றுநோய் நிறுவனமும் உள்ளன. தொடக்கத்திலேயே கண்டறியப்பட்ட சிறு புற்றை அறுவையோ கதிர்வீச்சோ தனித்தே குணப்படுத்தக்கூடும். நுண்ணிய பொதிகளையும் வெப்பச் சாவிகளையும் தேட வேண்டிய நிலை, பெரும்பாலும் காலம் தாழ்ந்து வந்த நோய்க்கே நேர்கிறது.

ஆய்வு நின்றுவிடவில்லை. காந்த அதிர்வுப் படக்கருவியால் கட்டியின் உள்வெப்பத்தைக் கணந்தோறும் அளந்து, மீயொலியால் அதனை 41, 42 பாகையிலேயே நிறுத்திவைக்கும் முறைகள் செம்மையாகி வருகின்றன. உறையைச் செய்வதில் இருந்த தடை பெரும்பாலும் நீங்கிவிட்டது. வெப்பத்தை ஆள்வதே எஞ்சியுள்ள தடை. பூட்டுச் செய்யும் கைவினைஞரைக் கேட்டால், பூட்டைவிடச் சாவியின் பற்களை அராவுவதில்தான் பொறுமை வேண்டும் என்பார். இத்துறையும் இன்று அந்நிலையிலேயே இருக்கிறது. அது நிறைவெய்தும் நாள் வரை, கையில் இருக்கும் சிகிச்சையைக் காலத்தே பெறுவதும், பாதியில் கைவிடாதிருப்பதும், வாயில் அடக்கிய புகையிலையை உமிழ்ந்துவிடுவதும் நம் கையில் உள்ளவை.